இடது நெற்றிப்பொட்டில் மூன்று காலைகள்

ஒரு மனிதனின் மூளைக்குள் ரத்தம் ஓடுவதைக் காதால் கேட்பதற்கு முன்னூற்று எண்பது ரிங்கிட். அது ஒரு தடவைக்கு. பத்துத் தடவை என்று மொத்தமாகப் பேசினால் முன்னூற்று இருபதுக்கு இறங்கி வருவேன். அதற்குக் கீழே போனால் பெட்ரோலுக்கே கட்டாது. தைப்பிங்கிலிருந்து தெலுக் இந்தான் வரை என் விலை இதுதான். அதிகம் என்று முகம் சுளித்த மருத்துவமனைக் கணக்காளர்கள் உண்டு. நோயாளியின் மனைவி எவளும் இதுவரை பேரம் பேசியதில்லை.

போலீஸ் ஸ்டேஷனில் சார்ஜன் ராஜு தாள்களையும் பேனாவையும் கொடுத்து, "அண்ணே, உங்களுக்கு எது வசதியோ அதுல எழுதுங்க. தமிழ்னா தமிழ். கோர்ட்ல மொழிபெயர்க்க ஆளு இருக்கு" என்றார். நல்ல மனிதர். கோப்பியும் வாங்கிக் கொடுத்தார், நான் சொன்னபடியே சீனி குறைவாக. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கையெழுத்து வேண்டுமாம். எழுதி முடித்த பிறகு போடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு ஒரு தடவை பட்டது போதும். அதையும் அதன் வரிசையில் சொல்கிறேன்.

என் பெயர் கேப்ரியல். வயது நாற்பத்தெட்டு. அப்பா ஆம்புரோஸ் துணி வியாபாரி. ஈப்போவில் கடை என்று ஒன்று இருந்தது. வியாபாரம் என்னவோ வேனில்தான் நடந்தது. சம்பள நாளன்று மூட்டைகளை ஏற்றிக்கொண்டு சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களுக்குப் போவார். தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்து வாசலில் சேலையை விரித்து, நாற்பது வெள்ளி என்பார். இருபத்தாறுக்கு முடியும். வாங்கியவளும் ஜெயித்த முகத்தோடு போவாள், இவரும் ஜெயித்த முகத்தோடு வருவார். இரண்டு பேரும் எப்படி ஜெயிக்க முடியும் என்பதுதான் நான் பள்ளிக்கூடத்தில் கேட்ட எல்லாக் கணக்கையும்விடப் பெரிய கணக்கு.

அந்தச் சேலைகளின் முனையில் ஒரு சின்ன அட்டை தொங்கும். நடுவில் விற்கும் விலை எண்ணில் இருக்கும். மூலையில் பொடியாக இரண்டு மூன்று எழுத்து இருக்கும். அது அசல் விலை. பத்து எழுத்துள்ள ஒரு வாசகம் வைத்திருப்போம், எழுத்துக்கு ஓர் இலக்கம். வாங்க வந்தவள் நடுவைப் பார்ப்பாள், அப்பா மூலையைப் பார்ப்பார். எவ்வளவு இறங்கலாம் என்பது அங்கே இருக்கும். எங்களைப் போன்ற எல்லாக் கடைக்காரர்களுக்கும் இந்த வழக்கம் உண்டு, வாசகம்தான் கடைக்குக் கடை வேறு. எங்களுடையதை இங்கே எழுத மாட்டேன். உங்களுக்கு அது ஏற்கெனவே தெரியும் என்பது எனக்கும் தெரியும். இருந்தாலும் என் கையால் எழுதித் தர மாட்டேன். அது குடும்பச் சொத்து.

சுகுமாரன் அந்தத் தோட்டங்களில் ஒன்றில் பால்மரம் வெட்டிய குடும்பத்துப் பையன். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது அவர்கள் ஈப்போவுக்கு வந்தார்கள். எங்கள் வகுப்பில் சேர்ந்தான். எதையும் பிரித்து மாட்டத் தெரிந்தவன். நான் எதையும் பேசி விற்கத் தெரிந்தவன். ஈப்போவின் சிலிபின் பகுதியில் ஒரு மளிகைக் கடையின் மாடியை வாடகைக்கு எடுத்து இரண்டு பேருமாக மருத்துவக் கருவிக் கம்பெனி ஒன்றை ஆரம்பித்தோம். "நீ பேசு மச்சான், நான் பழுது பாக்குறேன். ரெண்டையும் ஒருத்தனே செஞ்சா அவனுக்குப் பேரு டாக்டரு" என்றான். ரத்த அழுத்தக் கருவியில் தொடங்கி, தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வேண்டிய பெரிய சாமான்கள் வரை வந்தோம். பதினொரு வருடம்.

அவனுக்கு அந்த வாசகத்தைச் சொன்னேன். அப்பா என் அக்காவுக்குக்கூடச் சொல்லாத வாசகம். நாங்கள் கொடுக்கும் விலைப்பட்டியலின் நகலில் மூலையில் அசலை எழுதி வைப்போம். நான் வெளியே இருக்கும்போது வாடிக்கையாளர் அழைத்தால் எதுவரை இறங்கலாம் என்று அவனுக்குத் தெரிய வேண்டுமே. கணக்கெழுத வந்த கலாதேவிக்கும் அது தெரிந்தது. பிறகு அவள் அவனுக்கு மனைவியானாள். கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழன் நான்தான்.

இன்னொன்றும் கொடுத்தேன். வங்கிக்கும் வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கும் போகிற கடிதங்களில் இரண்டு பேரின் கையெழுத்தும் வேண்டும். நான் பாதி நாள் சாலையில் இருப்பவன். எனவே கம்பெனிப் பெயர் அச்சடித்த இருபது வெற்றுத்தாள்களின் அடியில் கையெழுத்துப் போட்டு அவன் மேசை இழுப்பறையில் வைத்துவிடுவேன். தீர்ந்தால் இன்னும் இருபது. அப்பா உயிரோடு இருந்திருந்தால் என் கையை உடைத்திருப்பார்.

பதினோராவது வருடத்தில் காம்பாரில் ஒரு கிளினிக்குக்குப் போனேன். அங்கே சாமான் வாங்கும் பொறுப்பில் இருந்த முத்தம்மா அக்கா என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று கையைக் குலுக்கினார். "வாழ்த்துக்கள் தம்பி. இந்த வயசுல ஓய்வு எடுக்க யாருக்குக் குடுத்து வச்சிருக்கு? கடிதம் வந்துச்சு, அருமையா எழுதியிருந்தீங்க. படிச்சுட்டு எனக்கே கண்ணு கலங்கிருச்சு" என்றார். நான் அந்தக் கடிதத்தை வாங்கிப் படித்தேன். உண்மையிலேயே அருமையாக இருந்தது. உடல்நிலை காரணமாக நான் கம்பெனியிலிருந்து விலகுவதாகவும், என் பங்கை என் அன்பு நண்பருக்கே எழுதிக் கொடுத்துவிட்டதாகவும், எனக்குக் கொடுத்த ஆதரவை அவருக்கும் தரும்படியும் நானே கேட்டுக்கொண்டிருந்தேன். கையெழுத்து என்னுடையது. வக்கீலும் அதைத்தான் கேட்டார். "உங்க கையெழுத்துத்தானே?" ஆமாம். "அப்புறம் என்னா கேஸ்?"

அவனை ஒரு கோப்பிக் கடையில் பிடித்தேன். ஓடவில்லை, உட்கார்ந்துதான் இருந்தான்.

"ஏன்டா?" என்றேன்.

"பிசினஸ்லா மச்சான். நமக்குச் சாமான் அனுப்புற ஜெர்மன்காரன் வடக்கு ஏஜென்சி முழுசையும் எங்கிட்ட தரேன்னான். ஆனா ஒரே முதலாளிதான் இருக்கணும்னான். நான் என்னா செய்ய?"

"எங்கிட்ட கேட்டிருக்கலாமே."

"கேட்டா நீ பேரம் பேசுவே."

நான் காத்திருந்தேன். 'தப்புத்தான்டா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எழுந்து போயிருப்பேன் என்று இன்றுவரை நம்புகிறேன். அவன் கடிகாரத்தைப் பார்த்தான், எழுந்தான், இரண்டு கோப்பிக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டுப் போனான்.

அதன் பிறகு நான் பினாங்கில் மூடப்போன ஒரு கிளினிக்கிலிருந்து மூளை ரத்தத்தின் சத்தம் கேட்கும் இந்த ஒற்றைக் கருவியை வாங்கினேன். இயக்கவும் கற்றுக்கொண்டேன். அவன் பெட்டி விற்றான், நான் கையை வாடகைக்கு விட்டேன்.

கருவியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் வருவது புரியாது. தடித்த பேனா மாதிரி ஒன்று. நெற்றிப்பொட்டில் எலும்பு மெல்லிசாக இருக்கும் இடத்தில் பசையைத் தடவி அதை வைத்தால், உள்ளே ஓடும் ரத்தத்தின் சத்தம் கேட்கும். சிமெண்டுத் தரையைத் துடைப்பத்தால் கூட்டுகிற மாதிரி, ஷ்ஷு, ஷ்ஷு என்று. திரையில் வேகம் எண்ணாக வரும். மூளையில் ரத்தக்குழாய் வெடித்து அறுவை சிகிச்சை செய்தவர்களுக்கு முதல் ஆபத்து முடிந்தாலும் இரண்டாவது ஒன்று காத்திருக்கிறது. நாலாம் நாளிலிருந்து பதினாலாம் நாள்வரை மற்றக் குழாய்கள் சுருங்கத் தொடங்கலாம். தண்ணீர்க் குழாயின் வாயை விரலால் அழுத்தினால் தண்ணீர் வேகமாகப் பீச்சுமல்லவா, அதே மாதிரி குழாய் சுருங்கச் சுருங்க எண் ஏறும். நோயாளிக்குத் தெரிவதற்கு முன்பே எண்ணுக்குத் தெரியும். நேரத்தில் பிடித்துவிட்டால் மருந்து இருக்கிறது, குழாயை விரித்துவிடும் வழியும் இருக்கிறது.

தொழில் முழுவதும் கோணத்தில் இருக்கிறது. கை சற்றுச் சாய்ந்தாலும் எண் குறைந்துவிடும். சாய்வதால் எண் ஏறாது, குறையத்தான் செய்யும். அதனால் இந்தத் தொழிலில் நல்ல கைக்காரன் என்றால், அதிக எண்ணைத் தேடிக் கண்டுபிடிப்பவன். நான் நல்ல கைக்காரன். கேட்டுப் பாருங்கள்.

நான்கு வருடம் கழித்து, காம்பாரில் ஒரு கல்யாண விருந்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த சுகுமாரன் தலையைப் பிடித்துக்கொண்டு இலையின் மேல் சாய்ந்தான். ஈப்போவில் ஒரு தனியார் மருத்துவமனையில் அறுவை சிகிச்சை நடந்தது. நன்றாகவே நடந்தது. அங்கே இந்தக் கருவியை இயக்கத் தெரிந்த பெண் சிங்கப்பூருக்குப் போய்விட்டிருந்தாள். தேவைப்பட்டால் என்னைக் கூப்பிடுவார்கள். நான் எண்ணை எழுதுவேன், டாக்டர் லியோங் அதைப் பார்த்து அடுத்ததை முடிவு செய்வார். அதுதான் அங்கே நடைமுறை. டாக்டர் லியோங் அழைத்தபோது நோயாளியின் பெயரைச் சொன்னார். எங்கள் பழைய கதை அவருக்குத் தெரியாது. வருகிறேன் என்றேன்.

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் கலாதேவி இருந்தாள். என்னைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"அண்ணே, நீங்களா வந்தீங்க?"

"பசியாறுனியா?" என்றேன்.

"அவரு உங்களுக்குச் செஞ்சது எனக்குத் தெரியும்ணே. அப்பவே சொன்னேன், பாவம் வேணாம்னு. கேக்கல. இருந்தும் வந்து நிக்கிறீங்களே." அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவர எனக்குப் பேச வச்சுக் குடுத்துருங்கண்ணே. நடக்காட்டியும் பரவால்ல, நான் தூக்கிக்கிறேன். பேச்சு மட்டும் இருக்கணும். அந்த வாயி இல்லாட்டி எங்க வீட்டுல ஒரு சத்தமும் இல்ல."

பேச்சு குடியிருப்பது மூளையின் இடப்பக்கம். அவளுக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும்.

நாலாம் நாள் காலை இடப்பக்க எண் எழுபத்திரண்டு. ஐந்தாம் நாள் எழுபத்தெட்டு. ஆறாம் நாள் எண்பத்து நான்கு. மூன்றும் சுத்தமான எண்கள். எந்த நிபுணரும் சரிபார்க்கலாம். அந்த மூன்று நாளும் என் கை தேவாலயத்தில் மெழுகுவத்தி ஏந்துகிற மாதிரி நின்றது.

ஆறாம் நாள் அவன் கண் விழித்தான். தலையில் கட்டு, ஒரு பக்கம் வழித்த முடி. நான் பொட்டில் கருவியை வைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் சிஸ்டர் தினேஸ்வரி மருந்துப் பையை மாற்றிக்கொண்டிருந்தாள்.

"டேய் கேப். நீயா?"

"நான்தான்."

"என்னைப் பாக்க வந்தியா, வாடகைக்கு வந்தியா?"

"வாடகைக்குத்தான்."

"எவ்வளவு போடுறே?"

"முன்னூத்தி எண்பது."

"அலாமா. பழைய ஆளுக்குத் தள்ளுபடி இல்லையா மச்சான்?"

சிஸ்டர் சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். நான்கு வருடம் கழித்து அவன் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது. சிரித்துவிட்டுக் காத்திருந்தேன். கருவியை எடுத்திருக்கலாம், வேலை முடிந்துவிட்டது. எடுக்கவில்லை. ஷ்ஷு, ஷ்ஷு என்று அவனுக்குள் கூட்டிப் பெருக்குகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இன்னும் இரண்டு நிமிடம் நின்றேன். அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

ஏழாம் நாள் காலை எண் நூற்று முப்பத்திரண்டு.

டாக்டர் லியோங்கின் விதி எளிமையானது. நூற்றிருபதைத் தாண்டினால் உடனே அழை. ஸ்கேன், பிறகு சிகிச்சை. நான் திரையைப் பார்த்தேன். இப்போது அழைத்தால் என்ன நடக்கும் என்று யோசித்தேன். கட்டிலைத் தள்ளிக்கொண்டு போவார்கள், மயக்க மருந்து கொடுப்பார்கள், வாயில் குழாய் போடுவார்கள். ஒரு வாரத்துக்கு அவன் பேச முடியாது. இப்போதுதான் பேச ஆரம்பித்திருக்கிறான். ஒரு நாள் போகட்டும், தெளிவாக இருக்கிறான், நாளைக்குச் சொல்லிவிடுவான் என்று எனக்குத் தோன்றியது. இது நியாயமில்லாத எண்ணம் என்று எனக்கு அப்போது படவில்லை.

என் கை சாய்ந்தது. நூற்றுப் பதினைந்து, நூற்று ஒன்று, தொண்ணூற்றிரண்டு. தொண்ணூற்றிரண்டில் நிறுத்தினேன். நேற்று எண்பத்து நான்கு இருந்ததால் இன்று எண்பது என்று எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள். விலையை மெல்ல ஏற்றுகிறவனைத்தான் நம்புவார்கள். நான் இல்லாத எண்ணை எழுதவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். கருவி காட்டிய எண்ணைத்தான் எழுதினேன். அவன் தள்ளுபடி கேட்டிருந்தான். நாற்பது தள்ளினேன்.

பிறகு தாளின் மூலையில், பொடியாக, மூன்று எழுத்து எழுதினேன்.

ஏன் எழுதினாய், அது இல்லாவிட்டால் உன்னைப் பிடித்தே இருக்க முடியாதே என்று சார்ஜன் ராஜு இரண்டு தடவை கேட்டுவிட்டார். அவர் வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவர் இல்லை. அசலை எங்கேயும் எழுதாமல் விலையை மட்டும் எழுதி வைக்க எங்கள் கைக்கு வராது. எவ்வளவு இறங்கியிருக்கிறோம் என்று தெரியாதவன் வியாபாரி இல்லை, வெறும் திருடன்.

எட்டாம் நாள் காலை சத்தமே மாறியிருந்தது. துடைப்பச் சத்தம் போய், கெண்டியில் தண்ணீர் கொதிக்கும்போது வருகிற சீழ்க்கை வந்தது. நூற்று அறுபத்தெட்டு. நான் சாய்த்தேன். சத்தம் மங்கிப் பழையபடி துடைப்பம் ஆனது. தொண்ணூற்றெட்டு.

"அண்ணே, மொதல்ல ஒரு சத்தம் வந்துச்சே? விசில் மாதிரி?" என்றாள் தினேஸ்வரி.

"அது பக்கத்துக் குழாய்ம்மா. கை வழி தவறிப் போச்சு."

"ஓ. நான் பயந்துட்டேன்லா."

"பயப்படத்தான் வேணும். அப்பத்தான் நல்ல சிஸ்டரு."

அவள் மகிழ்ச்சியோடு குறிப்பேட்டில் எழுதினாள். அன்று சுகுமாரன் அதிகம் தூங்கினான். டாக்டர் லியோங் வந்து அவன் தோளைத் தட்டினார், கண்ணைத் திறந்து பார்த்தார், பிறகு என் தாளைப் பார்த்தார். குழாய் சரியாக இருக்கிறது, வலி மருந்தின் தூக்கமாக இருக்கும் என்றார். நான் ஆமாம் என்றுகூடச் சொல்லவில்லை. தாள்தான் சொன்னது.

அன்று பிற்பகல் நான் தெலுக் இந்தானில் வேறொரு நோயாளியிடம் இருந்தேன். கலாதேவி போன் செய்தாள்.

"அண்ணே, அவரு உங்களக் கேக்குறாரு. 'கேப்ப வரச்சொல்லு, ஒண்ணு சொல்லணும்'னு ரெண்டு தடவை சொல்லிட்டாரு. நாக்கு கொஞ்சம் குழறுது. தூக்கக் கலக்கம்னு சொல்றாங்க. வர முடியுமா?"

நாக்கு குழறினால் என்ன பொருள் என்று எனக்குத் தெரியும். தெலுக் இந்தானிலிருந்து ஈப்போவுக்கு ஒன்றேகால் மணி நேரம். டாக்டரை அழைப்பதற்கு அரை நிமிடம்.

"நாளைக்குக் காலைல வாரேன்லா. அப்பச் சொல்லட்டும்" என்றேன்.

எதிராளி தானாக இறங்கி வரும்போது நாம் எழுந்து ஓடக் கூடாது. ஓடினால் விலை மறுபடி ஏறிவிடும். அன்று ஆற்றோரமாக ஹுத்தான் மெலிந்தாங் வரை காரை ஓட்டிப் போய், மீன் கறியோடு சாப்பிட்டுவிட்டு வந்தேன். நான்கு வருடத்தில் அப்படிப் பசித்ததில்லை.

ஒன்பதாம் நாள் காலை அவன் விழித்துத்தான் இருந்தான். என்னைப் பார்த்ததும் இடது கை எழுந்தது. வலது கை போர்வையின் மேல், யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன சாமான் போலக் கிடந்தது. நான் குனிந்து என் காதை அவன் வாயருகில் வைத்தேன்.

"சொல்லுடா."

உதடு கோணியது. நெடுநேரம் முயன்றான். நெற்றியில் வேர்த்தது.

"சரி" என்றான்.

"என்னா சரி?"

"சரி. சரி. சரி."

கண்ணில் தண்ணீர் வழிந்தது. நான் பசையைத் தடவிக் கருவியை வைத்தேன். இருநூற்றுப் பத்து. என் வாழ்நாளில் அவ்வளவு பெரிய எண்ணைக் கண்டதில்லை. நூற்று நான்கு என்று எழுதினேன். மூலையிலும் எழுதினேன். கருவியைத் துடைத்துப் பெட்டியில் வைத்துக் கீழே வந்து, காரை எடுக்கும்போது ஒலிபெருக்கியில் அறிவிப்பு கேட்டது, டாக்டர் லியோங் உடனே வரும்படி. தினேஸ்வரி அவனுடைய வலது கையைக் கவனித்துவிட்டாள். ஸ்கேனில் இடப்பக்கம் பாதி கறுத்திருந்ததாகப் பிறகு சொன்னார்கள்.

இரண்டு மாதம் கழித்து அவனை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும் பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன். அக்கம்பக்கத்தில் எல்லாரும் என்னைப் பற்றி நல்ல விதமாகப் பேசினார்கள். அவன் முன்வாசலில் சக்கர நாற்காலியில் இருப்பான். அந்த ஒரு சொல்தான் மிஞ்சியிருந்தது. சில பேருக்கு அப்படி ஆகுமாம். மொத்தப் பேச்சும் போய் ஒரே ஒரு சொல் நிற்கும்.

ஒரு ஞாயிறு, கலாதேவி அடுப்படியில் இருந்தபோது, நாற்காலியின் பிடியைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

"நீ எனக்குச் செஞ்சது துரோகந்தானே?"

"சரி."

"தப்புன்னு ஒத்துக்கிறியா?"

"சரி" என்று என் முகத்தையே பார்த்தான். நான் இன்னும் கிட்டே குனிந்தேன்.

உள்ளேயிருந்து அவள் கேட்டாள்: "ஏங்க, சூப் ஊத்தவா?"

"சரி."

சூப்புக்கும் துரோகத்துக்கும் ஒரே சரி. இதை எந்த வியாபாரியும் ஏற்க மாட்டான். நானும் ஏற்கவில்லை.

பிப்ரவரியில் சாப்பாடு புரையேறி நுரையீரலில் சளி கட்டி, நான்கு நாளில் போய்விட்டான். பாடையின் முன்பக்கத்தில் தோள் கொடுத்தேன். கனமாக இல்லை.

கலாதேவி இன்சூரன்ஸ் காப்புறுதிப் பணத்துக்காக மருத்துவமனையிலிருந்து எல்லாத் தாள்களின் நகலையும் வாங்கினாள். ஒரு நாள் வரச்சொன்னாள். மேசையில் மூன்று தாள்கள் மட்டும் இருந்தன. அழவில்லை. விரலை மூலையில் வைத்து, விலைப்பட்டியல் படிக்கிற பழைய குரலில் படித்தாள்.

"நூத்தி முப்பத்திரண்டு. நூத்தி அறுபத்தெட்டு. இருநூத்திப் பத்து. இதுதான் அசல், இல்லண்ணே?"

மறுக்கலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். என் சொந்த வாசகத்தை என் முன்னாலேயே படிக்கிறவளிடம் எதை மறுப்பது? ஆமாம் என்றேன்.

"மத்த தாள் எல்லாத்துலயும் மூலை காலியா இருக்கு."

"அங்க வித்த வெலையும் அசலும் ஒண்ணுதான்."

அவள் மூன்று தாள்களையும் ஒன்றாக அடுக்கினாள். "அன்னிக்கு அவரு உங்கள எதுக்குக் கூப்பிட்டாருன்னு தெரியுமா? 'கேப்புக்கு நான் பண்ணது பெரிய தப்பு கலா. அவன் கையப் புடிச்சு மன்னிப்புக் கேக்கணும்'னு எங்கிட்ட சொன்னாரு. சொல்லிட்டுத்தான் போன் போடச் சொன்னாரு. அதப் போன்ல சொல்ல நான் யாரு, அவரே சொல்லட்டும்னு விட்டுட்டேன்."

அதைக் கேட்டதும் எனக்குக் கோபம்தான் வந்தது. ஏழு மாதமாக அதை அவள் தன்னிடமே வைத்திருந்திருக்கிறாள். அதோடு, அவள் சொன்னால் அது அவள் சொன்னதாகத்தான் ஆகும். எனக்கு வரவேண்டியது அவன் வாயிலிருந்து வர வேண்டும். நடுவில் ஒருத்தர் வந்து, உனக்குத் தரச் சொன்னார் என்று வெறுங்கையைக் காட்டினால் நான் வரவு வைப்பதில்லை. மறுநாள் அவள் தாள்களை எடுத்துக்கொண்டு உங்களிடம் வந்துவிட்டாள். நம்பிச் சொன்ன குடும்ப வாசகத்தை, எழுத்து எழுத்தாக, போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்து விளக்கியிருக்கிறாள். அந்த வீட்டிலிருந்து எனக்குக் கிடைத்த இரண்டாவது துரோகம் அது.

வேண்டுமென்றே செய்தாயா என்று கேட்டீர்கள். ஆம். மூன்று காலையும் தெரிந்தே கையைச் சாய்த்தேன். சாய்க்காமல் இருந்திருந்தால் அவன் இன்று சிலிபினில் உட்கார்ந்து யாரையாவது கிண்டல் செய்துகொண்டிருப்பான். மருத்துவமனை மேல் தப்பில்லை, டாக்டர் மேல் தப்பில்லை, அந்தப் பெண் தினேஸ்வரியைத் தொந்தரவு செய்யாதீர்கள்.

முழுக் கணக்கையும் எழுதி முடித்துவிடுகிறேன், பிறகு கையெழுத்துப் போடுகிறேன். ஆறு நாள் வாடகைக்கு நான் பில் அனுப்பவே இல்லை, அது போகட்டும். ஏழாம் நாள் அவனுக்கு நாற்பது விட்டுக்கொடுத்தேன். எட்டாம் நாள் எழுபது. ஒன்பதாம் நாள் நூற்றாறு. ஆக மொத்தம் இருநூற்றுப் பதினாறு, என் பக்கத்திலிருந்து. அவன் தரவேண்டியிருந்தது ஒரே ஒரு வார்த்தை. அதைத் தராமலே போய்விட்டான்.